ஒரு சாண் கீழே

மார்ச் 2

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டாய். கடிதம் என்றால் கிழிக்கிற நேரத்திலாவது இரண்டு வரி கண்ணில் படும். அந்த இரண்டு வரியை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மே மாதம் பன்னிரண்டாம் தேதி பட்டறைக்கரைக்கு உன் அத்தான் பெயரை வைக்கிறார்கள். நீ வர வேண்டும்.

இனிக் கிழிப்பதானால் கிழி.

அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. நீ அனுப்பிய ஒற்றை வரி வந்து சேர்ந்தது. "செய்தி கேட்டேன்." அவ்வளவுதான். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவன்கூட இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வான். போகட்டும்.

நீ போகும்போது கரையில் பாதி வேலை கிடந்தது. இப்போது பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. கப்பல் பட்டறை மூடினதற்கப்புறம் அந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோமே, நினைவிருக்கிறதா? எண்ணெய் மிதந்து மயில்கழுத்து நிறத்தில் மினுக்கும் தண்ணீர், துருப்பிடித்த பாரந்தூக்கி, கூரை பறந்த கொட்டகைகள். முப்பது வருடம் ஊரே அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. அந்தப் பக்கம் ஜன்னல் வைத்து வீடு கட்டியவன் ஒருத்தன் உண்டா? இன்றைக்கு அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு அடித்துக்கொள்கிறார்கள். கொட்டகைகளில் படகு பழுது பார்க்கிறார்கள், பிள்ளைகள் நீச்சல் படிக்கிறார்கள், பாரந்தூக்கியின் உச்சியில் கொக்கு கூடு கட்டியிருக்கிறது.

எல்லாம் யாரால்? பட்டறைச் சுவரில் அடிக்கணக்குக் கோடு போட்டு மாட்டிய நீர்ப்பலகையைப் பார்த்து "இத்தனை அடி தண்ணி" என்று கூவுகிற வேலையில் இருந்தவர். நகரசபைத் தலைவர் ஆனபிறகும் ஊர் அவரைப் பலகைக்காரர் என்றுதான் கூப்பிட்டது. வீடு வீடாக ஏறி இறங்கி, "நம்ம குப்பையை நாமதான் அள்ளணும், மேலேருந்து எவனும் முறத்தோட வரமாட்டான்" என்று சொல்லிச் சொல்லியே ஊரையே வேலையில் இறக்கினார்.

நீ கட்டிய கடைசிப் படி இருக்கிறதே, அதுதான் இப்போது பேர்போன இடம். பௌர்ணமி ஏற்றத்தில் தண்ணீர் அதன்மேல் கணுக்கால் அளவு ஏறும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியூரிலிருந்தெல்லாம் வந்து நிற்கிறார்கள். "எவ்வளவு யோசிச்சு அந்தப் படியைத் தாழ்வா வச்சிருக்கார் பாரு" என்று அவரைப் புகழ்கிறார்கள். அது எப்படித் தாழ்ந்தது என்று உனக்கும் எனக்கும் தெரியும். நான் வாயைத் திறப்பதில்லை. நீயும் மறந்துவிடு.

எனக்கு இருக்கிற ஒரே ரத்தம் நீதான். வா.

அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. முழுதும் படித்தேன்.

வர மாட்டேன். காரணத்தை நீயே எழுதியிருக்கிறாய். "அது எப்படித் தாழ்ந்தது என்று உனக்கும் எனக்கும் தெரியும்." எனக்குத் தெரியாது அக்கா. ஒன்பது வருடமாகத் தெரியவில்லை.

அந்தப் படிக்கு நான் மூன்று முறை மட்டம் பார்த்தேன். பட்டறையின் பழைய புத்தகத்தில் அப்பா போவதற்கு முந்தைய இருபது வருடத்துக் கணக்கு இருந்தது. பௌர்ணமியானாலும் அமாவாசையானாலும் தண்ணீர் பதினெட்டு அடியைத் தாண்டியதே இல்லை. அதனால் நீர்ப்பலகையின் பதினெட்டாம் கோட்டுக்கு மேலே அரைச்சாண் விட்டுப் படியைக் கட்டினேன். வேறு எந்த ஊர் என்றாலும் அரசாங்கம் உயரம் குறித்து நட்டிருக்கிற கல்லிலிருந்து அளவு எடுத்திருப்பேன். நம் ஊர் என்பதால் பலகையிலிருந்து எடுத்தேன். "அத்தான் பலகை பொய் சொல்லாது" என்று வேலையாட்களிடம் பெருமையடித்தது நான்தான். அவர் அனுமதிக்காக வெளியூரில் அலைந்துகொண்டிருந்தார்.

முதல் பௌர்ணமிக்குத் தண்ணீர் படி ஏறியது. அவர் வந்து நின்று பார்த்தார். நாற்பது பேர் முன்னால் என் கையிலிருந்து ரசமட்டத்தைப் பிடுங்கி, "உனக்கு மட்டம் பாக்கத் தெரியலை, நீ போ" என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தேன். நீ வாசலில் நின்று சொன்னாய்: "கட்டை வைக்கத் தெரியாத அப்பனுக்கு மட்டம் பாக்கத் தெரியாத பிள்ளை."

அவர் பிடுங்கியது ரசமட்டம். நீ பிடுங்கியது வேறு.

அப்பா சாவுக்கு அப்பாவே காரணம் என்று விசாரணையில் எழுதினார்கள். தண்ணீரை இறைத்தபிறகு கப்பல் உட்கார வேண்டிய கட்டை சரியாக வைக்கப்படவில்லை, அதனால் கப்பல் சாய்ந்தது, கட்டை வைத்தவனே அடியில் மாட்டினான். அந்தக் காகிதத்தின் நகல் என் பெட்டியில் இருக்கிறது. அப்போது எனக்கு எட்டு வயது. அந்தக் காகிதத்தை எழுதினவர்களை விட, அதை நம்பின உன்மேல்தான் எனக்கு ஆற்றாமை.

இங்கே குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிறேன். பெரிய வேலைக்கு என்னை யாரும் மட்டம் பார்க்க விடுவதில்லை. நானும் கேட்பதில்லை.

தம்பி

ஏப்ரல் 1

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். மூன்றாம் நாள் என்னைத் திட்டிக்கொண்டேன். வாசலில் நின்று அப்படிச் சொன்னது நான்தான். நாக்குக்கு எலும்பில்லை. சொன்னதைத் திரும்ப விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பேன்.

ஆனால் ஒன்று. தப்பு எல்லாருக்கும் வருகிறது. அப்பாவுக்கு வந்தது, உனக்கும் வந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கும். அதற்காக ஒன்பது வருடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்களா?

விழா வேலை நடக்கிறது. நீர்ப்பலகையைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அவர் பெயர்க்கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தப் போகிறார்கள். ஒன்றரை ஆள் உயரப் பலகை, நினைவிருக்கிறது இல்லையா? நகரசபை பிட்டர் வந்து கழற்றினார். கழற்றிவிட்டு நேரே நம் வீட்டுக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அம்மா, சொவத்துல தாரைச் சுரண்டினா, நாலு போல்ட்டுக்கும் நேர் மேல இன்னும் நாலு ஓட்டை இருக்கு. யாரோ தாரை உருட்டி அடைச்சு வச்சிருக்காங்க. எந்த ஓட்டைன்னு தெரியாமத் திருப்பி மாட்டிட்டா ஊர் என்னைத் திட்டும். தலைவர் எதுவும் சொல்லியிருக்காரா?" என்றார். "அதான் பெட்டிக்குள்ள வைக்கப் போறீங்களே, ஓட்டை எதுக்கு? காத்து வாங்கவா?" என்று கேலி பண்ணி அனுப்பினேன்.

தார் என்றதும் அவர் ஞாபகம் வந்துவிட்டது. வருடா வருடம் அந்தப் பலகையைச் சுற்றிச் சுவருக்குத் தார் பூசுவது அவர் வேலை. தலைவர் ஆனபிறகும் யாரையும் தொட விடமாட்டார். சட்டையைக் கழற்றிவிட்டுத் தாரும் பிரஷுமாக அவரே இறங்குவார். "பழசை மறக்காத மனுஷன்" என்று ஊர் சொல்லும். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்தப் பலகையால்தானே எங்கள் கதையே ஆரம்பித்தது. நூறு தரம் கேட்டிருப்பாய். அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோனேன். பெயின்ட் அடித்துக் காய்ந்த பலகையை அவர் கயிற்றில் தொங்கிக்கொண்டு மாட்டுகிறார், மழை வேறு தூறுகிறது. என்னைப் பார்த்தார், கையிலிருந்த ஸ்பானர் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தது. அப்பா கீழேயிருந்து, "டேய் பலகைக்காரா, கண்ணு பலகையில இருக்கட்டும்டா!" என்றார். பட்டறையே சிரித்தது. மறுநாள் அப்பா இல்லை. அப்பா சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அதனால்தான் அந்தக் கதையை யார் சொன்னாலும் உட்கார்ந்து கேட்பேன்.

மே பன்னிரண்டு. மறந்துவிடாதே.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

உடனே பதில் எழுது. நான் கேட்பதற்கு மட்டும்.

மேலே இருக்கிற ஓட்டைக்கும் கீழே பலகை மாட்டியிருந்த ஓட்டைக்கும் நடுவில் எவ்வளவு? பிட்டரைக் கேட்காதே. நீ போய் உன் கையால் அளந்து எழுது.

மேல் ஓட்டைகளுக்குள் என்ன இருக்கிறது? வெறுமையா, இல்லை பழைய போல்ட்டின் துண்டு ஏதாவது உள்ளே முறிந்து கிடக்கிறதா?

அந்தச் சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது. தார் பூசக் கூடாது. எதையும் யாரிடமும் பேசாதே.

ஏன் என்று கேட்காதே.

தம்பி

ஏப்ரல் 14

தம்பிக்கு,

ஏன் என்று கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க நான் என்ன மரப்பாச்சியா? இருந்தாலும் போனேன்.

தண்ணீர் இறங்கியிருந்த நேரம். பிட்டரின் ஏணியில் நான்கு படி ஏறினேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. கீழே ஒரு பெண்பிள்ளை, "பாட்டிம்மா, விழுந்துடப் போறீங்க" என்றது. "பாட்டிம்மாவா? நான் பலகைக்காரர் சம்சாரம்டி" என்றேன்.

அளந்தேன். கட்டைவிரல் ஒரு ஓட்டையில், சுண்டுவிரல் அடுத்ததில். சரியாக ஒரு சாண். நாலிலும் அப்படித்தான்.

மேல் ஓட்டைகள் வெறுமையாக இல்லை. நான்கிலும் பழைய போல்ட் உள்ளேயே முறிந்து துருவேறி இருக்கிறது. பிட்டர் சொல்கிறார், பலகை ரொம்ப காலம் மேலேதான் இருந்திருக்கும், கீழ் ஓட்டைகள் வேறு எதற்கோ துளைத்தவை என்று.

போதுமா? இப்போது சொல். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ எப்போதும் சுற்றி வளைத்துப் பேசுகிறவன். இப்படி ஐந்து வரியில் எழுதினால் நான் என்னவென்று நினைப்பது?

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. உட்கார்ந்துகொண்டு படி.

பலகை ஒரு சாண் இறங்கினால் என்ன ஆகும்? தண்ணீர் அதே இடத்தில்தான் நிற்கும். ஆனால் பலகையில் அது ஒரு சாண் கூடுதலாகத் தெரியும். ஒரு சாண் என்பது முக்கால் அடி. பதினெட்டு அடித் தண்ணீர் பதினெட்டே முக்கால் என்று காட்டும்.

விசாரணைக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வருடமாக என்னிடம் இருக்கிறது, இந்த வரியை ஒரு நாளும் கவனித்ததில்லை. "கப்பல் உள்ளே வரத் தேவையான ஆழம் பதினெட்டரை அடி. அன்று காலை பலகைக்காரர் கூவிய அளவு பதினெட்டே முக்கால். ஆகவே தண்ணீர் போதுமானதாக இருந்தது. ஆகவே பிழை கட்டையில்தான்."

பதினெட்டே முக்கால். இருபது வருடப் புத்தகத்தில் ஒரு நாள்கூட இல்லாத அளவு. அன்றைக்கு மட்டும் எப்படி வந்தது? யாரும் கேட்கவில்லை. பலகையையே போய்ப் பார்த்தார்கள். பலகையும் அவர்களுக்கு அதையே சொன்னது.

தண்ணீர் பதினெட்டுதான் அக்கா. இன்னும் பாரம் இறக்கிக்கொண்டு வர வேண்டிய கப்பல் அந்தக் கூவலை நம்பி அப்படியே உள்ளே வந்தது; வந்திருக்கவே கூடாது. வரும்போதே அதன் அடிவயிறு அப்பா வைத்த கட்டைகளை இடித்துத் தள்ளியிருக்கிறது. மேலே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. பழுதுபார்க்கும் குழியின் கதவை மூடித் தண்ணீரை இறைத்தார்கள். கட்டையைச் சரிபார்க்க அப்பா இறங்கினார். கப்பல் சாய்ந்தது.

அதற்கு முந்தைய நாள் பலகையை மாட்டியவர் யார், அவர் கையிலிருந்து ஸ்பானர் எங்கே விழுந்தது என்று நீயேதான் எழுதியிருக்கிறாய்.

மேல் போல்ட்டுகள் முறிந்திருக்கும். ஸ்பானரும் தண்ணீரில், முறிந்த துண்டுகளை எடுக்க முடிந்திருக்காது. இப்போதைக்குக் கீழே ஏற்கெனவே இருக்கிற ஓட்டைகளில் கையாலேயே திருகி மாட்டுவோம், நாளைக்கு ஏற்றிவிடலாம் என்று நினைத்திருப்பார். விடிந்ததும் கப்பல் வந்துவிட்டது. கண் கண்டதை வாய் கூவிவிட்டது. வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அவருக்குத் தெரியும். தார் உருண்டை தானாகப் போய் ஓட்டையில் உட்காராது.

அதே பலகையிலிருந்துதான் நான் என் படிக்கு உயரம் எடுத்தேன். அன்றைக்குப் படியேறிய தண்ணீரைப் பார்த்து அவர் முகம் மாறியதே, அதைக் கோபம் என்று நினைத்தேன். அது பயம். படியை உடைத்து உயர்த்திவிடலாம் என்று வேலையாட்கள் கேட்டதற்கு, "வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றார். உடைத்தால் மறுபடி அளப்பார்கள். அளந்தால் பலகை மாட்டிக்கொள்ளும்.

முதலில் அப்பா. பிறகு நான்.

தம்பி

ஏப்ரல் 25

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

உயிரோடு இருக்கும்போது அவர் முகத்தைப் பார்த்துப் பேச உனக்குத் துப்பில்லை. வாய் திறக்க முடியாத இடத்துக்குப் போனபிறகு, நாலு ஓட்டையைப் பிடித்துக்கொண்டு அவரைக் கொலைகாரன் ஆக்குகிறாயா? உன் படி தாழ்ந்ததற்குச் சாக்கு வேண்டும். அதற்கு என் புருஷன்தான் கிடைத்தாரா? ஒரு ஊரையே சேற்றிலிருந்து தூக்கி நிறுத்தினவர்மேல் அந்தச் சேற்றையே அள்ளிப் பூசுகிறாய்.

நானும்தான் முட்டாள். ஏணி ஏறி அளந்து கொடுத்தேன்.

நீ விழாவுக்கு வர வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்.

மே 2

தம்பி,

எழுத வேண்டாம் என்றேன். நீ எழுதவில்லை. நான்தான் எழுதுகிறேன்.

ஒரு வாரமாகப் பேயறைந்தவள் மாதிரி இருக்கிறேன். அடுப்பில் போட்டது காகிதத்தைத்தான். வரிகள் எரியவில்லை. பாத்திரம் கழுவும்போது, கதவைச் சாத்தும்போது, "பதினெட்டே முக்கால்" என்று யாரோ உள்ளேயிருந்து கூவுகிறார்கள். அவர் குரலில்தான். அந்தக் கணீர்க் குரலைக் கேட்டுத்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

உன்னைப் பொய்யன் ஆக்குவதற்குத்தான் அவர் அலமாரியைத் திறந்தேன். ஏதாவது ஒரு காகிதம், ஒரு சீட்டு, பலகையை எப்போது எப்படி மாட்டினார்கள் என்று இருக்கும் என்று தேடினேன். காகிதம் எதுவும் இல்லை. அடித்தட்டில், அவருடைய பழைய சட்டையில் சுற்றி, உன் ரசமட்டம் இருந்தது. ஒன்பது வருடம் கிடந்த பொருள்மேல் ஒரு தூசி இல்லை தம்பி. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். ஒருவனுக்கு மட்டம் பார்க்கத் தெரியாது என்று நினைக்கிறவர் அவன் மட்டத்தை இப்படியா வைத்திருப்பார்?

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. யாரோ கதவைத் தட்டித் தட்டி உள்ளே வருகிற மாதிரி.

அந்தக் கடைசிப் படியில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஊரே கால் நனைக்கும், அவர் மூன்று படி மேலே நின்று பார்ப்பார். "கால்ல ஆணி" என்பார். அவர் காலில் ஆணியே கிடையாது. காலைப் பிடித்துவிட்ட எனக்குத் தெரியாதா?

அந்த ஸ்பானர் கதை. அதை அவர் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? யோசித்துப் பார். நான் சொல்வேன், வந்தவர்கள் சொல்வார்கள், நீ சொல்லி அவரைக் கேலி செய்வாய். அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எல்லாரும் சிரிக்கும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். வெட்கப்படுகிறார் என்று நானே நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். முப்பத்தெட்டு வருடம் அவர் முகத்துக்கு நேரே, "உன் ஸ்பானர் விழுந்தது, மறுநாள் என் அப்பா செத்தார்" என்று நானே சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். விளையாட்டு வினையாகும் என்பார்கள். இது வினையாகி முடிந்தபிறகு நான் ஆடின விளையாட்டு.

அப்பா போய் நாலு வருடம் கழித்து என்னைப் பெண் கேட்டு வந்தார். "கட்டை வைக்கத் தெரியாதவன் பொண்ணு" என்று எவனும் எட்டிப் பார்க்காத நேரம். இவ்வளவு நல்ல மனசா என்று ஊர் வியந்தது. நானும்தான். அது நல்ல மனசா, குற்ற மனசா? என்னைப் பார்த்துப் பிடித்துக் கட்டினாரா, கடனுக்குக் கட்டினாரா? யாரைக் கேட்பேன்? எழுப்பிக் கேட்க முடியுமா?

அதை விடு. உன்னிடம் நான் வாசலில் நின்று சொன்னேனே. அப்போது அவர் எனக்குப் பின்னால் கூடத்தில்தான் நின்றிருந்தார். எல்லாம் கேட்டது. "ஏய், போதும் விடு" என்று மட்டும் சொன்னார். "மாமா கட்டை சரியாத்தான் வச்சார்" என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

இன்னும் பத்து நாளில் அந்தக் கல்லின் துணியை நான்தான் விலக்க வேண்டும். நான் என்ன செய்யட்டும்?

அக்கா

மே 7

அக்கா,

ஒன்பது வருடமாக இந்த ஒரு கடிதத்துக்குத்தான் காத்திருந்தேன். வந்தால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கையில் வைத்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுக்காரர், "என்னப்பா, ஓடு கோணலா போச்சா?" என்று கேட்டார். இல்லை சார், நேராகத்தான் இருக்கிறது என்றேன். அதற்கே அழுகை வந்துவிட்டது.

அத்தானைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அந்த விபத்தோடு பட்டறை மூடியபிறகு அவர் இந்த ஊரைவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அந்த அழுக்குத் தண்ணீருக்கு எதிரிலேயே நாற்பது வருடம் இருந்து அதைச் சுத்தம் செய்தார். சுத்தம் செய்தது நிஜம். அப்பாமேல் பழி விழ விட்டதும் நிஜம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க எனக்குத் தெரியவில்லை.

கல்லை நிறுத்து, எடு, உன் இஷ்டம். நீ பேசாமல் இருந்தாலும் நான் வெளியே சொல்ல மாட்டேன். எனக்காக எதுவும் வேண்டாம். எனக்கு உன் கடிதம் போதும்.

அப்பாவுக்கு மட்டும்தான் அக்கா. அவர் கட்டை சரியாக இருந்தது என்று யாராவது ஒருத்தர் ஒரு தரமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல உலகத்தில் இனி நாம் இரண்டு பேர்தான் இருக்கிறோம்.

தம்பி

மே 13

தம்பி,

சொல்லிவிட்டேன்.

நேற்று நடந்ததை இன்றைக்கே எழுதாவிட்டால் கை வராது. பௌர்ணமி, உச்சிப் பொழுதில் ஏற்றம். படி முழுக்க ஜனம், எல்லார் கையிலும் செருப்பு. தண்ணீர் கடைசிப் படியின்மேல் ஏறிக் கணுக்காலை நனைத்துக்கொண்டிருந்தது. புதுத் தலைவியம்மா அவரைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். எல்லாம் உண்மைதான். துணியை விலக்கக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். கல்லிடம் போகவில்லை.

"பிட்டரையா, அந்தப் பலகையைப் பெட்டியிலேருந்து எடுத்துட்டு வாங்க" என்றேன்.

அவரிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன். காரணம் சொல்லவில்லை. நாலு பேர் தூக்கி வந்தார்கள். முதலில் படியை ஒட்டின சுவரில் கீழ் ஓட்டைக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். "தண்ணி எவ்வளவு, கூவுங்க" என்றேன். "பதினெட்டே முக்கால்!" என்றார். இப்போது மேல் ஓட்டைக்கு நேராக ஏற்றுங்கள் என்றேன். ஏற்றினார்கள். பார்த்தார். கூவவில்லை. மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு, மெதுவாகத்தான் சொன்னார். "பதினெட்டு."

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பழைய பட்டறை ஆட்கள் ஏழெட்டுப் பேருக்குப் புரிந்தது. பதினெட்டைத் தண்ணீர் தாண்டாது என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஒருத்தர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "அப்போ அன்னைக்கு... அப்போ கட்டைக்காரர்..." என்றார். முடிக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முடித்தது நான்தான். "எங்கப்பா கட்டையைச் சரியாத்தான் வச்சார். பலகைதான் ஒரு சாண் கீழ இருந்தது. மாட்டினது என் வீட்டுக்காரர். அவருக்குத் தெரியும். இந்தப் படியைக் கட்டினது என் தம்பி. அவன் மட்டமும் சரி. அதுவும் அவருக்குத் தெரியும். சொல்லாமலே போயிட்டார். அதனால நான் சொல்றேன்."

அவ்வளவுதான் பேசினேன். மைக் கையிலேயே இருந்தது, என் மூச்சு ஊருக்கே கேட்டது. அப்புறம் பின்னாலிருந்து ஒரு பெண், "செத்தவரை இப்படியாம்மா நடுத்தெருவில நிறுத்துவே?" என்று கத்தினாள். "என் அப்பனும் செத்தவர்தாம்மா. நாப்பத்திரண்டு வருஷமா நிக்கிறார்" என்றேன்.

ஒருத்தர் பின் ஒருத்தராகத் தண்ணீரிலிருந்து மேலே ஏறிவிட்டார்கள். அந்தப் படியில் நிற்க யாருக்கும் கால் வரவில்லை. தெருவில் என்னைப் பார்த்தால் கும்பிடுவதா, குனிந்துகொள்வதா என்று தெரியாமல் முழிக்கிறார்கள்.

எல்லாரும் போனபிறகு நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் படியில் இறங்கி நின்றேன். குளிர்ந்த தண்ணீர், அடியில் உன் கல் வழுக்காமல் நேராக இருந்தது. அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. அவர் இல்லாத வீட்டுக்குள் நுழையும்போது அழுகையும் நிற்கவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கிறது என்று எனக்கே திகைப்பாக இருக்கிறது.

கல்லின்மேல் துணி அப்படியே இருக்கிறது. கல்லை இன்னும் பதிக்கவில்லை, மரச்சட்டத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பெயரை வைப்பதா, எடுப்பதா என்று நகரசபை என்னைக் கேட்கிறது. நான் ஒருநாள் தவணை கேட்டேன். ஒருநாளில் உன் பதில் வராது என்று தெரியும். காத்திருக்கட்டும்.

நீ சொல். நான் அவர் பெண்டாட்டி, அப்பாவின் பெண். இரண்டு பக்கமும் சாய்கிறேன்.

அக்கா

மே 18

அக்கா,

பெயர் இருக்கட்டும். கரை அவர் கட்டியது.

அவர் பெயருக்குக் கீழே ஒரு வரி வெட்டச் சொல். "கட்டை சரியாக இருந்தது." அவ்வளவு போதும். விளக்கம் வேண்டாம். புரியாதவர்கள் யாரையாவது கேட்கட்டும், கேட்டால் நம் ஊரில் இனி சொல்வார்கள்.

பலகையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். மேல் ஓட்டையில் மாட்டட்டும்.

கல்லைப் பதிக்க அவசரப்பட வேண்டாம் என்று பிட்டரிடம் சொல். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். என் ரசமட்டத்தை அலமாரியிலிருந்து எடுத்து வெளியே வை. அந்தச் சட்டையோடே வை.

தம்பி